டப்பாவில் வந்த கரப்பான்

கரப்பான் மருந்து விற்க வந்த டெனிசன், தன் டப்பாவிலிருந்து ஒரு கரப்பானை வெளியே விட்டு மருந்தடித்தான். உடனே அது மல்லாந்தது.

ஒரகடம் தொழிற்சாலையின் கேன்டீன் மேனேஜர் சசிரேகா, கிரைண்டருக்குப் பின்னாலிருந்து ஒன்றைப் பிடித்து வந்தாள்.

"இத்த அடி, பாக்கலாம்."

மருந்தில் நனைந்த கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு சோற்று அண்டாவை நோக்கி நடந்தது.

"இன்னாய்யா இது?"

"வருஷக்கணக்கா அடிச்சதுல தப்பிச்சதுங்களோட வாரிசு மேடம். விஷத்தைச் செரிக்கிற ஜீனோடயே பொறக்குது." டெனிசன் தலைகுனிந்தான். "நான் கொணாந்தது லேப்ல வளர்த்தது. பரம்பரையா விஷமே பாக்காதது."

அவன் பையை மூடிக்கொண்டு கிளம்பினான்.

"நில்லு. சோத்துல கரப்பான்னு லைன்ல வேல செய்யிற பசங்க கம்ப்ளைன்ட் குடுத்து, நாளைக்கு ஆபீசருங்க ஆடிட்டுக்கு வராங்க. அவங்க முன்னாடி மருந்தடிச்சுக் காட்டணும். உன் டப்பாவுல இன்னும் எத்தினி கீது?"