பம்பு போச்சு

கணக்கு வாத்தியாரின் பழைய காரில் காலையிலிருந்து பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. போதாக்குறைக்கு என்ஜின் விளக்கு வேறு மஞ்சளாக முறைத்தது.

மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "பெட்ரோல் பம்பு போச்சு சார்."

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்த வாத்தியார் பின்பக்கம் அப்படியே நின்றுவிட்டார். டேங்க் மூடி திருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்குப் பம்பே தேவலை. பற்பசை, சர்க்கரை டப்பா, தண்ணீர் பாட்டில் என்று எதையுமே மூடாத மனிதர் அவர். அதற்காக மனைவியிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்பவர்.

மெக்கானிக்கை ஓரங்கட்டினார். "மூடிதான் திறந்து கிடக்குப்பா. நானாத்தான் இருக்கும். வீட்ல கேட்டா பம்புன்னே சொல்லிடு. என் மானத்தைக் காப்பாத்து."

மெக்கானிக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. "நேத்து பெட்ரோல் போட்டது அம்மாதானாம் சார். 'மூடியை மறந்துட்டேன், அவர்கிட்ட பம்புன்னு சொல்லிடுங்க'ன்னு நீங்க வர்றதுக்குள்ள போன் பண்ணிட்டாங்க."

சொல்லிக்கொண்டே மூடியைத் திருகப் போனார். வாத்தியார் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"தொடாதே. இப்படியே வீட்டுக்குக் கொண்டுபோறேன்."