எல்லாருக்கும் ஒரே அளவு

மேசைக்குப் பின்னால் முக்குளிப்புக் கம்பெனி மேனேஜர், எதிரே சக்கர நாற்காலியில், முக்குளித்து மேலேறியதும் கால் மரத்துப்போன அண்ணன், பக்கத்தில் அண்ணி, ஜன்னலோரம், துறைமுகப் பாதுகாப்பு அதிகாரிக்குப் புகார் எழுதியபடி நான். மேசையில், எப்போது மேலேற வேண்டும் என்று சொல்வதற்காக அண்ணன் கடலடியில் மணிக்கட்டில் கட்டியிருந்த கணினி கடிகாரம் போலக் கிடக்கிறது. "இதுல தப்பே இல்லம்மா. இவரு உடம்புதான் சரியில்ல," என்கிறார் மேனேஜர், அதே அதிகாரிக்குப் போகும் கம்பெனி அறிக்கையின் உறையை ஒட்டிக்கொண்டே. அண்ணி கணினியின் பொத்தானை அழுத்துகிறாள். 'எச்சரிக்கை அளவு: பூஜ்யம்' என்று திரை பச்சையாக மின்னுகிறது. "இதுக்கு ஆழமும் நேரமும்தான் சார் தெரியும். ஐம்பது தாண்டினவரு, போன வருஷமே மூட்டு முடங்கிப் படுத்தவருன்னு நாமதானே இதுக்குச் சொல்லணும்? டாக்டர் சீட்டே குடுத்தோமே! இளவட்டத்துக்கு வைக்கிற பூஜ்யத்தையே இவருக்கும் வெச்சுப் பூட்டியிருக்கீங்க." "எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. அளவைக் கூட்டினா இது சீக்கிரமே மேல வரச் சொல்லிடும், அப்புறம் கீழ வேலை யாரு பாக்குறது?" "அப்ப செருப்பையும் எல்லாருக்கும் ஒரே சைஸ்ல வாங்கிக் குடுங்க!" அண்ணன் சிரிக்கவில்லை, தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்க்கிறார், முகம் சுளிக்கவே இல்லை. மேனேஜர் சொன்னதைச் சொன்னபடியே புகாரின் கடைசி வரியாக எழுதி அண்ணியிடம் நீட்டுகிறேன். கம்பெனித் தபால் எடுக்க கூரியர்காரர் வருகிறார். அண்ணி புகாரை உறையிலிட்டு ஒட்டி, முஷ்டியால் ஓங்கி ஒரு குத்துக் குத்தி, "இதையும் போட்டுக்குங்க தம்பி," என்கிறாள். அவர் பையில், கம்பெனி உறையின் மேலேயே அது விழுகிறது.