கதவோரத்துப் பாட்டில்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவோரத்தில் ஒரு சானிடைசர் பாட்டில் கம்பிக் கூண்டில் மாட்டியிருந்தது. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் அதன் தலையை ஓர் அழுத்து அழுத்தி, இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு போனார்கள். கோயில் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல அவ்வளவு பழக்கமாகிவிட்டிருந்தது. பாட்டில் காலி என்று வெளியே உட்கார்ந்திருந்த பொற்கொடி இரண்டு நாள் முன்பே நர்ஸிடம் சொன்னாள். "ஸ்டோருக்கு எழுதிக் குடுத்திருக்கும்மா, வந்துரும்" என்ற நர்ஸ், தானும் அதை அழுத்தித் தேய்த்துக்கொண்டுதான் உள்ளே போனாள்.

டெங்குவில் படுத்த மகள் யாழினிக்குக் காய்ச்சல் விட்டு, வார்டுக்கு மாற்றலாம் என்றிருந்தார்கள். இன்று மறுபடியும் உடம்பு கொதித்தது. ரத்தத்தில் புதுக் கிருமியாம். பெரிய டாக்டர் வந்ததும் பொற்கொடியைத்தான் கேட்டார்.

"வெளியிலேர்ந்து வந்திருக்கு. நீங்க யாராச்சும் புள்ளையத் தொட்டீங்களா?"

"கண்ணாடி வழியாத்தானே சார் காட்டுறீங்க. தொட விட்டாத்தானே!"

அவர் பாட்டிலை அழுத்தினார், கையைத் தேய்த்தார், கதவைத் தள்ளப் போனார். பொற்கொடி எழுந்து அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, ஏம்மா! பெரிய டாக்டரும்மா!" என்று வாட்ச்மேன் ஓடிவந்தார். அவள் விடவில்லை. அந்த உள்ளங்கைகளைத் திருப்பித் தன் கன்னத்தில் அழுத்திப் பார்த்தாள்.

"காஞ்சு கெடக்கே சார். இந்தக் கையோடயா எம்புள்ளகிட்டப் போறீங்க?"

பின்னால் வந்த நர்ஸின் கை, பழக்கத்தில் பாட்டிலின் தலைவரைக்கும் போய், அழுத்தாமல் நின்றது.