பலூனும் சிவப்பு ஜட்டியும்

"திருடி இந்த அறைக்குள்ளதான் நிக்கிறா!"

சலவை இயந்திரங்களுக்கு முதுகைக் காட்டி, எல்லோரையும் பார்த்து முழங்கினாள் குன்வோர். அந்த அடுக்ககத்துச் சலவை அறைக்கு அவள்தான் தலைவி. துணி திருட்டு, அரை மணியில் அத்தனை வீட்டுக்காரரும் கீழே வரவும் என்று கதவில் சீட்டு ஒட்டியிருந்தாள். குளிர்தேசத்து உமேயோ ஊரில் கடவுளை மீறலாம், சலவை அறைச் சீட்டை மீற முடியாது.

"என்ன காணோம்னு சொல்லலையே?" என்றார் ஒருவர்.

"ஜட்டி. நைலான். சிவப்பு."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அறுபத்தெட்டு வயதில் சிவப்பா என்று கூட்டத்தில் நின்ற பக்கத்து வீட்டு இங்கருக்குச் சிரிப்பு முட்டியது.

"எனக்கு அடுத்து துவைக்கிற முறை டிண்ட்ராவுக்கு. நான் துணி அள்ளும்போது இவ மட்டும்தான் இருந்தா. இந்த அறைச் சாவியைக் குடுத்துடும்மா. இனிமே வெளியில துவைச்சுக்கோ."

மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் கைக்குழந்தையோடு வந்தவள் டிண்ட்ரா. வாயே திறக்கவில்லை. எடுக்காதவள் கத்தியிருக்க மாட்டாளா என்று இங்கர் மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

அப்போதுதான் இங்கரின் கணவர் ஸ்டூரே தாமதமாக வந்து மானத்தை வாங்கினார். முன்னாள் பௌதிக வாத்தியார். கையில் மஞ்சள் பலூன்!

"ஒரு நிமிஷம், இதைப் பாருங்க."

பலூனைத் தன் கம்பளிச் சட்டையில் பரபரவென்று தேய்த்தார். குன்வோரின் சீட்டையே சுக்கலாகக் கிழித்து மேசையில் தூவினார். துணுக்குகள் துள்ளிப் போய் பலூனில் ஒட்டின.

"ஐயோ, என் சீட்டு!"

"குளிருல காத்து காய்ஞ்சு கிடக்கு. தேய்ச்சா எதுலயும் மின்சாரம் ஏறும். குன்வோர், உங்க தலை கொஞ்சம் வேணும்."

அவள் பின்னால் போய் நின்று, தலைக்கு மேல் பலூனைப் பிடித்தார். நரைமுடி மொத்தமும் எழுந்து நின்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"துணி காயவைக்கிற இயந்திரத்துலயும் இதே கதைதான்." குனிந்து, உள்ளே கைவிட்டுத் துழாவி, சிவப்பு ஜட்டியை வெளியே எடுத்தார். "மேல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

குன்வோரின் முகமும் அதே நிறமானது. டிண்ட்ராவிடம் ஏதோ மன்னிப்பு முணுமுணுத்தாள். சாவி தப்பியது.

படியேறும்போது இங்கர் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே அந்த இயந்திரத்துக்குள்ள நான் துழாவிப் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல. அடுத்தவ ஜட்டி உங்க கைக்கு எப்படிங்க வந்துச்சு?"

"கத்தாதே. குன்வோர் முதுகுலதான் இருந்துச்சு. கம்பளிச் சட்டையில ஒட்டிக்கிட்டு. எல்லாரும் தலைமுடியை வேடிக்கை பார்த்தப்ப உருவிட்டேன்."

"அட, அதை அப்பவே காட்டியிருந்தா அவ ஆட்டம் அடங்கியிருக்குமே! அவ மேல உங்களுக்கு என்ன அவ்வளவு கரிசனம்?"

"எனக்கா? நான் பார்த்திருந்தா ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பேன். பார்த்தது டிண்ட்ரா. குன்வோர் படியிறங்கும்போதே பார்த்துட்டா. 'பாவம், எல்லாரும் சிரிப்பாங்க, யாருக்கும் தெரியாம எடுத்துடுங்க'ன்னு பிள்ளையோட பலூனை என் கையில திணிச்சுட்டு, உள்ளே போய்த் திருட்டுப் பட்டத்தை வாங்கிக்கிட்டு நின்னா."