ஜோடித் தாள்

வெளியூரில் மகள் காய்ச்சலில் இறந்துபோன மூன்றாம் நாளே, பைண்டர் அவளுடைய பழைய நோட்டுகளைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். மடியில் குறடு, பக்கத்தில் ஊசியும் நூலும் பசைக் கிண்ணமும்.

“இப்பவாங்க இந்த வேலை?” என்றாள் மனைவி. அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

“எழுதாத தாளெல்லாம் கிடக்கு. சேர்த்துத் தைச்சா ஒரு ரஃப் நோட்டு ஆகும்.”

பரீட்சை முடிந்ததும் வருடா வருடம் மகளுக்கு அப்படித்தான் தைத்துக் கொடுப்பார். இப்போது யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை. சும்மா உட்காரவும் முடியவில்லை.

“நாலு வருஷம். ஒரு தடவையாச்சும் அவ போனை எடுத்திருக்கலாம். கல்லு மனசுங்க உங்களுக்கு.”

“பிடிச்சவனோட போனதைக்கூட நான் பெருசா நினைக்கல. ஒரு வரி எழுதி வெச்சுட்டுப் போயிருந்தா, நானே போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன். உங்கிட்ட எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?”

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக மிஞ்சியது, மகள் போன அன்று மேஜைமேல் கிடந்த நோட்டு. கம்பியை நெம்புவதற்கு முன்பே அதன் கடைசித் தாள் நழுவி விழுந்தது. வெற்றுத் தாள்.

ஆறு வயதில் கப்பல் செய்ய மகள் ஒரு தாளைக் கிழித்தபோது, நோட்டை விரித்துக் காட்டியிருக்கிறார். “பாரு கண்ணு, இதுல எந்தத் தாளும் ஒத்தையா இல்ல. ஒரே தாளை நடுவுல மடிச்சுக் கம்பி அடிக்கிறோம். முதல் தாளோட ஜோடி கடைசித் தாள். ஒண்ணைக் கிழிச்சா இன்னொண்ணு தானா கழண்டுடும்.”

“ஐயோ, பாவம்ப்பா அது” என்றாள். அதற்குப் பிறகு ஒரு தாளைக்கூட அவள் கிழித்ததில்லை. யாராவது தாள் கேட்டால் நோட்டையே நீட்டிவிடுவாள்.

பைண்டர் அட்டையைத் திருப்பினார். முதல் தாள் இல்லை. சுவடே தெரியாமல், ஸ்கேல் வைத்தாற்போல் கிழிக்கப்பட்டிருந்தது.

மகள் போன அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர்.

கழன்ற தாளைக் கையில் பிடித்தபடி அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“அவ என்ன எழுதியிருந்தா?”