ரெண்டே செகண்ட்

"காலைல சிக்குச்சு ஜான்சன், சத்தியமா சிக்குச்சு! இப்ப ஒண்ணுமே இல்லங்குது பாரு!"

நாஸியாவுக்கு அழுகையே வந்துடும் போல இருந்துச்சு.

தி.நகர்ல அவ ஆபீஸ். கம்ப்யூட்டர்ல திருடன் நுழையிற மாதிரி ஓட்டை எதுனா இருக்கான்னு தேடுற ஸ்கேனர் செய்றாங்க. அதுல ஒவ்வொரு வகை ஓட்டையையும் தேட ஒரு குட்டி ப்ரோக்ராம், ப்ளகின்னு பேரு. புதுசு புதுசா அத எழுதுறது இவ வேலை. ஒரு வரி மாத்தினாலும் மொத்த ஸ்கேனரையும் ஓட்டித்தான் டெஸ்ட் பண்ணணும். அது முடியிறதுக்குள்ள பாண்டி பஜார ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்துடலாம். நேத்துதான் ப்ளகின மட்டும் தனியா ஓட்ட ஒரு வழி கண்டுபிடிச்சா. ரெண்டே செகண்ட்! டீம் லீட் சார் ஒத்துக்கிட்டா டீம் மொத்தமும் இதுக்கு மாறிடும். இன்னிக்கு காட்டுறேன்னு சொல்லியிருந்தா.

டெஸ்ட்டுக்குன்னே மூலைல ஒரு பழைய மெஷின். அதுல வேணும்னே ஒரு ஓட்டைய விட்டு வெச்சிருக்காங்க. ப்ளகின் அத புடிக்கணும், அவ்ளோதான்.

"வல கிழிஞ்சிருந்தா காலைல மட்டும் எப்டி மீனு மாட்டிச்சு?"ன்னான் பக்கத்து சீட் ஜான்சன். பட்டினப்பாக்கத்துப் பையன், எதுக்கெடுத்தாலும் கடல்தான் அவனுக்கு. "வேற இன்னாவோ கீது. இன்னொரு தபா ஓட்டு."

ஓட்டினா. 'ஓட்டை இல்லை.'

பின்னாலயே சுந்தரராமன் சார் நின்னுட்டிருந்தாரு. திங்கக்கிழமைதான் டீம் லீடா சேர்ந்தவரு.

"இதுக்குத்தாம்மா சொன்னேன். அவசரத்துல எதையோ கோட்ட விட்டுட்ட. எல்லாரும் பழைய மாதிரியே ஓட்டுங்க."

"காலைல புடிச்சுது சார்..."

"அப்ப புடிச்சது இப்பவும் புடிக்கணும்ல?"

நியாயமாத்தான் பட்டுச்சு நாஸியாவுக்கு. ஓட்டை இருந்தும் இல்லன்னு சொல்ற வேகத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றது? யாரோ அத நம்பி கதவ தொறந்து போட்டுட்டு தூங்குவாங்க. எழுதினத எல்லாம் செலக்ட் பண்ணா. விரல் டெலீட் மேல போய் நின்னுச்சு.

கிளம்பின சார் திரும்பினாரு. குரல் கொஞ்சம் எறங்கிச்சு.

"வேகம் தப்பில்லம்மா, கவனமும் வேணும். இப்ப பாரு, காலைல நான் வந்து உக்காந்ததும் ஸ்கேனர்லேர்ந்து ஒரு அலர்ட் மெயில். அந்த மூலைல இருக்குற பழைய மெஷின்ல அவ்ளோ பெரிய ஓட்டை! இத்தன நாளா ஒருத்தர் கண்டுக்கல. நானே உக்காந்து அடைச்சேன்."