சபையே அழுத பிரசங்கம்

"இனிமேல் இந்த வீட்டில் நான் இருக்கப்போவதில்லை" என்று போதகர் குரலைத் தாழ்த்திச் சொன்னதும், முன்வரிசைத் தையல்காரர் விசும்பிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்தவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

ஆண்டவரே வந்து பேசுகிற மாதிரி பேசுவது போதகரின் பாணி. 'ஆண்டவர் சொல்கிறார்' என்றெல்லாம் சுற்றி வளைக்க மாட்டார். எடுத்த எடுப்பிலேயே 'நான்' என்றுதான் தொடங்குவார். கேட்கிறவருக்கு, ஆண்டவர் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தன்னிடம் மட்டும் பேசுகிறார் என்று தோன்றிவிடும்.

இன்றைக்கு அவருக்கு வாழ்வா சாவா என்கிற நாள். நகரத்துப் பெரிய சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க மூன்று பேர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் சின்னச் சபையில் பதினெட்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியாயிற்று. இதையும் கோட்டைவிட்டால் ஓய்வுபெறும்வரை இதே நாற்பது நாற்காலிதான்.

ஒரு ரகசியம் சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதீர்கள். குரல்தான் அவருடையது. பிரசங்கம் மொத்தமும் அவர் மனைவி எழுதுவது.

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்த அம்மாள் சமையலறையிலேயே உட்கார்ந்து எழுதுவார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும், எந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, அவர் கிளம்பும்போது வாசலில் வந்து கையில் கொடுப்பார். போதகர் முன்கூட்டிப் படிப்பதே கிடையாது. மேடையில் முதல்தடவையாகப் படித்தால்தான் உணர்ச்சி பொங்கும் என்பது அவர் கட்சி. வீட்டுக்குள் நன்றி எல்லாம் எதற்கு என்பதும் அவர் கட்சிதான்.

இன்று காலையில் மனைவி கண்ணில் படவில்லை. நாற்காலி துடைக்க முன்னாடியே சபைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். குழு வருகிறதே என்று புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசை மேல் இருந்த தாளை எடுத்துக்கொண்டு ஓட்டமாக வந்துவிட்டார்.

தாளில் ஒரு கோடுகூட இல்லை. 'வரவர இவளுக்குப் பொறுப்பே இல்லை' என்று மனதுக்குள் கடிந்துகொண்டார். ஆனாலும் பதினெட்டு வருஷப் பழக்கம் கைகொடுத்தது. கண்ணாடியைத் தானாகவே கழற்றினார். இரண்டு படி இறங்கி வந்தார்.

"நீங்கள் எழுந்திருக்கும் முன்னால் நான் விழித்திருக்கிறேன். நீங்கள் தூங்கிய பிறகும் விழித்திருக்கிறேன். கேட்டதெல்லாம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்."

ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை.

"ஊரெல்லாம் பேசுகிறீர்கள். என்னோடு பேசக் கால் மணி நேரம் கிடைத்ததா? என் வார்த்தைகள் வேண்டியிருந்தன. நான்தான் வேண்டியிருக்கவில்லை."

கடைசி வரிசையில் குழுத்தலைவர் கைக்குட்டையை எடுத்தார். அதைப் பார்த்ததும் போதகருக்கு இன்னும் தெம்பு வந்தது. குரலை நடுங்கவிட்டார்.

"எனக்குக் கோபம் இல்லை. கூடவே இருந்துகொண்டு இத்தனை தனியாக இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். போகிறேன். தேட வேண்டும் என்று தோன்றினால் தேடுங்கள்."

பத்து எண்ணும்வரை கையை நீட்டியபடியே நின்றார்.

"போகாதேயும் ஆண்டவரே!" என்று தையல்காரர் வாய்விட்டுக் கதறினார். சபையே முழங்காலில் விழுந்தது.

ஆராதனை முடிந்ததும் குழுத்தலைவர் வந்து போதகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பாஸ்டர், நானும் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன். யாரும் என்னை இப்படி உலுக்கினதில்ல. அடுத்த மாசமே பெரிய சபைக்கு வந்துடுங்க."

"எல்லாம் ஜெபத்துல கிடைச்சதுங்க."

"இவ்வளவு தனிமையை எப்படிங்க உங்களால எழுத முடிஞ்சுது?"

"அனுபவந்தாங்க" என்றார் போதகர், கூச்சமே இல்லாமல்.

வீட்டுக்கு நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை. பாதி வழியில்தான் அது உறைத்தது. கைகுலுக்கிய இத்தனை பேரில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிச் சந்தோஷப்பட முடியுமா? முடியாது. அப்படிச் சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளைச் சபையில் பார்த்த ஞாபகமும் இல்லை. இன்றைக்காவது 'நல்லா எழுதியிருந்தே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

வீடு பூட்டியிருந்தது. பூட்டைக் கவனிக்காமல் கதவைத் தட்டினார்.

"நான்தான்! கதவைத் திற! பெரிய சபை நமக்குத்தான்!"

பக்கத்து வீட்டு நர்ஸ் வெளியே வந்தாள். அவள் கையில் சாவி இருந்தது.

"அக்கா விடியக்காலையிலேயே பெட்டியோட கிளம்பிட்டாங்க பாஸ்டர். நீங்க போனதும் வீட்டைப் பூட்டி, சாவியை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

"பெட்டியோடயா? எங்கே?"

"அதைச் சொல்லலை. இன்னிக்குப் பிரசங்கத்தை உங்க கோட்டுப் பையில வெச்சிருக்காங்களாம்."

போதகரின் கை தானாகப் பைக்குள் போனது. உள்ளே மடித்த தாள் ஒன்று தட்டுப்பட்டது.

நர்ஸ் சாவியை நீட்டினாள்.

"சாப்பாட்டு மேசை மேல இருக்குற லெட்டரை மட்டும், நீங்க தனியா உக்காந்து படிக்கணுமாம்."